சிறகில் சன்னல் வைத்த பூச்சி



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பூச்சி. பூச்சியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் கண்டால் அலறி ஓடுகிற பூச்சி அது. பெரியவர்கள் துடைப்பத்தைத் தேடுகிற பூச்சியும் அதுதான். இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். சிறகை விரித்தால் நம் கையளவில் ஒரு சாண் இருக்கும். காய்ந்த இலையின் செம்பழுப்பு நிறம். நான்கு சிறகுகளிலும் சிறகுக்கு ஒன்றாக, முக்கோண வடிவில், கண்ணாடி பதித்ததுபோல நான்கு சன்னல்கள்.

இதன் பெயர் அட்லஸ் அந்துப்பூச்சி. நம் பேச்சு வழக்கில் விட்டில் பூச்சி என்று சொல்கிறோமே, அந்த இனத்தில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 1758ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். வானத்தையே தோளில் தாங்குவதாகக் கிரேக்கர்கள் கதை சொல்லும் பேருருவின் பெயர் அட்லஸ். பூச்சிக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். விரித்த சிறகின் அகலம் 24, 25 சென்டிமீட்டர் வரை போகும்.

இந்தப் பூச்சியின் சிறகில் உள்ள தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. தோட்டத்து லயங்களிலும் கேட்கலாம். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளிலும் கேட்கலாம். அந்தப் பயத்தினாலேயே எத்தனையோ பூச்சிகள் அடிபட்டுச் சாகின்றன. அந்தப் பேச்சு உண்மைதானா? அதற்கு விடையைப் பூச்சியே தன் சிறகில் எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சன்னல்தான் விடை. எப்படி என்று பார்ப்போம்.

நம்மில் பலருக்குச் சிங்கப்பூரில் உறவினர்கள் உண்டு. தீபாவளிக்கு முன்னால் சிராங்கூன் சாலைக்குப் போய் வராதவர்கள் குறைவு. தேக்கா சந்தையில் இறங்கி நடந்தால் ஒரு பக்கம் மளிகைக் கடை, ஒரு பக்கம் பட்டுப் புடவைக் கடை. மளிகைக் கடையில் கறுவாப்பட்டை வாங்குகிறோம். புடவைக் கடையில் பட்டு வாங்குகிறோம். இந்த இரண்டு பொருளுக்கும் நம் பூச்சிக்கும் தொடர்பு இருக்கிறது. கறுவா மரத்தின் இலை இதன் புழுவுக்குப் பிடித்த உணவு. பட்டு நூற்கும் பூச்சிகளோ இதன் உறவுக்காரர்கள். ஆகவே இந்தப் பூச்சி நமக்கு முற்றிலும் அந்நியமானது அன்று.

முதலில் அந்தத் தூளைக் கவனிப்போம். வண்ணத்துப்பூச்சியையோ அந்துப்பூச்சியையோ தொட்டால் விரலில் மாவுபோல ஒன்று ஒட்டிக்கொள்ளும். வெறும் கண்ணுக்கு அது தூள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தட்டையான சின்னஞ்சிறு செதில்கள். ஒரு செதிலின் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. வீட்டுக் கூரையில் ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கியிருக்கும். பூச்சியின் சிறகில் நாம் காணும் சிவப்பு, பழுப்பு, கறுப்பு, வெள்ளை எல்லாம் இந்த ஓடுகளின் நிறங்களே.

ஓட்டை நீக்கிவிட்டால் என்ன தெரியும்? சிறகின் உண்மையான சவ்வு தெரியும். அந்தச் சவ்வு கைட்டின் என்னும் பொருளைக் கொண்டது. நாம் உரித்துப் போடும் இறால் ஓட்டிலும் இதே கைட்டின்தான் இருக்கிறது. இறால் ஓட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவி வரும். பூச்சியின் சிறகுச் சவ்வும் அப்படித்தான். அட்லஸ் பூச்சியின் சிறகில் நான்கு இடங்களில் செதில்கள் மூடாமல் விடப்பட்டிருக்கின்றன. அந்த இடங்களே சன்னல்கள். பூச்சிக்குப் பின்னால் ஓர் இலை இருந்தால் அதன் பச்சை அந்தச் சன்னலில் தெரியும்.

தூள் என்று நாம் பயந்தது நிறம் தரும் ஓடுதான் என்பது இப்போது விளங்குகிறது அல்லவா? அதில் நஞ்சு இல்லை. அட்லஸ் பூச்சிக்குக் கொடுக்கு இல்லை. கடிக்கப் பல்லும் இல்லை. கண்ணில் மண் விழுந்தால் உறுத்துவதுபோல இந்தத் தூள் விழுந்தாலும் உறுத்தலாம். அப்படி நேர்ந்தால் கண்ணைக் கசக்கக் கூடாது. சுத்தமான நீர் விட்டுக் கழுவ வேண்டும். உறுத்தல் நீடித்தால் மருந்தகத்துக்குப் போக வேண்டும். எந்தப் பூச்சியைத் தொட்டாலும் கையைக் கழுவுவது நல்ல பழக்கம். இவ்வளவுதான் செய்தி. பார்வை போய்விடும் என்று பிள்ளைகளை மிரட்டத் தேவையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லாப் பூச்சியும் தொடத்தக்கது என்று நாங்கள் சொல்லவில்லை. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு முள்ளுடைய பச்சைப் புழுவைத் தெரியும். அந்த முள் தோலில் பட்டால் நெருப்புப் பட்டதுபோல எரியும். மட்டைகளில் சிறு பைகளைப்போலத் தொங்கும் பைப்புழுவையும் தெரியும். இவையும் அந்துப்பூச்சிகளின் குழந்தைகளே. பைப்புழுவும் முட்புழுவும் பெருகினால் பனையின் இலையை அரித்து விளைச்சலைக் கெடுக்கும். அவற்றைக் கட்டுப்படுத்துவதற்காகப் பல தோட்டங்களில் சாலை ஓரமாகப் பூச்செடிகளை வளர்க்கிறார்கள். அந்தப் பூவின் தேனை உண்ண வரும் சிறு குளவிகள் புழுக்களைத் தாக்கிக் கொல்கின்றன. ஆகவே, எது கெடுதல் செய்வது, எது கெடுதல் செய்யாதது என்று பிரித்து அறிவதே அறிவு. பெரியதாக இருப்பதால் மட்டும் ஒன்று கெட்டது ஆகிவிடாது.

சரி, இந்தச் சன்னல்கள் பூச்சிக்கு எதற்கு? பகலில் இது மரத்தில் அசையாமல் அமர்ந்திருக்கும். பறவையின் கண்ணிலிருந்து தப்ப வேண்டும். ஒரு சாண் அகலமுள்ள உடம்பை மறைப்பது எளிதா? காய்ந்த இலையின் நிறம் ஓரளவு உதவுகிறது. காய்ந்த இலை என்றால் பூச்சி அரித்த ஓட்டையும் இருக்கும் அல்லவா? சன்னல்கள் அந்த ஓட்டைகளைப்போலத் தோன்றுகின்றன. பின்னால் உள்ள பட்டையும் இலையும் அவற்றின் வழியே தெரிவதால் பூச்சியின் முழு உருவம் ஒரே துண்டாகக் கண்ணில் படுவதில்லை. இதுவே அறிஞர்கள் கூறும் விளக்கம்.

இந்த விளக்கத்தைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் செயற்கையான அந்துப்பூச்சிகளைச் செய்து மரங்களில் வைத்தார்கள். சிலவற்றின் சிறகில் ஒளி ஊடுருவும் பகுதிகளை வைத்தார்கள், சிலவற்றில் வைக்கவில்லை. சன்னல் உள்ளவற்றைப் பறவைகள் குறைவாகவே தாக்கின. 2020ஆம் ஆண்டில் இந்த முடிவு வெளியாயிற்று.

பறவைக்கு இன்னொரு மிரட்டலும் உண்டு. முன்சிறகின் நுனியை உற்றுப் பாருங்கள். வளைந்த நுனி, அதில் ஒரு கரும்புள்ளி. பக்கத்திலிருந்து பார்த்தால் பாம்பு தலையை நீட்டுவதுபோல் இருக்கும். சீன மொழியில் இதற்குப் பாம்புத் தலைப் பூச்சி என்று பொருள்படும் பெயரே இருக்கிறது.

இரவில் பகைவன் வேறு. அது வௌவால். வௌவால் கண்ணை நம்பி வேட்டையாடுவதில்லை. நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு இரை இருக்கும் இடத்தை அறிகிறது. அட்லஸ் பூச்சிக்கோ காது கிடையாது. வௌவால் வருவதை அது கேட்க முடியாது. பின் எப்படிப் பிழைக்கிறது? 2021இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விடை தந்தார்கள். இந்தக் குடும்பத்துப் பூச்சிகளின் முன்சிறகு நுனி மடிந்தும் நெளிந்தும் இருக்கிறது. வௌவாலின் ஒலி அங்கே பட்டால் வலுவான எதிரொலி எழுகிறது. வௌவால் அந்த எதிரொலியை நம்பிச் சிறகு நுனியைக் கவ்வுகிறது. நுனி கிழிந்துபோகும், உடல் தப்பும். பகலில் பறவையின் கண்ணை ஏமாற்றும் அதே நுனி, இரவில் வௌவாலின் காதையும் ஏமாற்றுகிறது.

இனி இதன் வாழ்க்கையைப் பார்ப்போம். தாய்ப் பூச்சி இலையில் நூறு, இருநூறு முட்டைகள் இடும். ஒவ்வொன்றும் பெரிய கடுகின் அளவு. ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் புழு வெளியே வரும். இலையைத் தின்பதே அதன் ஒரே வேலை. தின்று தின்று, தோல் உரித்து உரித்து, நம் நடுவிரலைவிட நீளமாக, 11, 12 சென்டிமீட்டர் வரை வளரும். இளம்பச்சை உடம்பின்மேல் வெண்மையான மெழுகுத்தூள் பூசியிருக்கும். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலை அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றுதான் நம் மக்கள் அழைத்தார்கள். அங்கே சுண்ணாம்புச் சூளைகள் இருந்ததே காரணம். அந்தச் சூளைக்குள் புகுந்து எழுந்து வந்ததைப்போல இந்தப் புழு இருக்கும். எறும்போ பல்லியோ தொந்தரவு செய்தால் நாற்றமுள்ள ஒரு நீரைப் பீய்ச்சி அடிக்கும்.

புழு முழு வளர்ச்சி அடைந்ததும் ஓர் இலையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, உள்ளே பட்டு நூலால் கூடு கட்டும். அதற்குள் ஏறக்குறைய நான்கு வாரம் உறங்கும். பின் பூச்சியாக வெளிவரும். வெளிவரும்போது சிறகுகள் நனைந்த துணிபோலச் சுருங்கித் தொங்கும். உடலிலுள்ள நீர்மம் சிறகின் நரம்புகளில் பாய்ந்து அவை மெல்ல விரியும். பிறகு காய்ந்து விறைக்கும். அந்த நேரத்தில் யாரும் அதைத் தொடக் கூடாது. அப்போது மடங்கிய சிறகு பிறகு நிமிராது.

இப்போது சொல்லப்போகும் செய்தியைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். இத்தனை பெரிய பூச்சிக்கு உண்ண வாய் கிடையாது. இருக்கும் வாய் வேலை செய்யாது. தேனும் குடிக்காது, தண்ணீரும் குடிக்காது. புழுவாக இருந்தபோது உடலில் சேர்த்து வைத்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. அந்தக் கட்டுச்சோறு ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் வரும். அதற்குள் ஆணும் பெண்ணும் சந்திக்க வேண்டும். முட்டை இட வேண்டும். பெண்பூச்சி பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகராமல் ஒருவகை மணத்தைக் காற்றில் விடும். ஆணின் தலையில் தென்னங்கீற்றுப்போல விரிந்த இரண்டு உணர்கொம்புகள் உண்டு. அவற்றால் தொலைவிலிருந்தே அந்த மணத்தை உணர்ந்து இருட்டில் தேடி வரும்.

துணி அரிக்கும், அரிசியைக் கெடுக்கும் என்று இந்தப் பூச்சியைக் கொல்பவர்கள் உண்டு. வாயே இல்லாதது எதை அரிக்கும்? மிச்சமிருக்கும் சில இரவுகளில் தன் வம்சத்தை நிலைநிறுத்தப் புறப்பட்ட உயிர் அது. ஒரு வயிறு நிறைய முட்டையோடு சுவரில் இருக்கும் பெண்பூச்சியை ஓர் அடியில் கொன்றால், நூறு இருநூறு உயிர்கள் அந்த ஓர் அடியில் போகின்றன.

இந்தப் பூச்சி விளக்கை நாடி வருவது ஏன்? விளக்கின்மேல் ஆசைப்பட்டு விழும் விட்டில் என்று நம் புலவர்கள் காலங்காலமாகப் பாடியிருக்கிறார்கள். உண்மையில் ஆசை ஏதும் இல்லை. 2024இல் வெளியான ஓர் ஆய்வில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் பிறரும் வேகமான படக்கருவி கொண்டு பூச்சிகளின் பறத்தலைப் படம் பிடித்தார்கள். இரவில் வானம் தரையைவிட வெளிச்சமாக இருக்கும். பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அதனால் மேல் எது கீழ் எது என்று அறிந்து பறக்கிறது. கோடி ஆண்டுகளாக இந்த வழக்கம் அதற்குக் கைகொடுத்தது. நாம் பக்கத்தில் ஒரு விளக்கை ஏற்றினோம். பூச்சி அதை வானம் என்று எண்ணி முதுகைத் திருப்புகிறது. திருப்பியதும் வளைந்து வளைந்து விளக்கையே சுற்றுகிறது. தப்பிக்க வழி தெரியாமல் இரவு முழுவதும் சுற்றும். கட்டுச்சோறு தீர்ந்துபோகும்.

சிங்கப்பூர் இரவிலும் பகல்போல ஒளிவிடும் நகரம். அங்கே ஒரு காலத்தில் காடு இருந்தது. 1854இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்னும் இயற்கை அறிஞர் வந்து புக்கிட் தீமாவில் தங்கினார். மரம் வெட்டிக் கொண்டிருந்த காட்டுப்பகுதியில், ஏறக்குறைய இரண்டு மாதத்தில், வண்டுகளில் மட்டும் 700 வகைகளைச் சேர்த்ததாக எழுதி வைத்திருக்கிறார். அன்று அந்தக் காட்டில் புலியும் இருந்தது. பிறகு கம்பீரும் மிளகும் பயிரிடக் காடு அழிந்தது. பின்னால் ரப்பர் வந்தது.

ரப்பர் வந்த கதை நமக்கு நேரடியான உறவுடையது. 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 நாற்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைத் தோட்டத்துக்கு வந்தன. 1888இல் அங்கே பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி என்பவர், மரத்தைச் சாகவிடாமல் திரும்பத் திரும்பப் பால் வெட்டும் முறையைக் கண்டு பரப்பினார். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியற்காலையில் கத்தியோடும் வாளியோடும் நின்றதற்கு அங்கேதான் ஆரம்பம். அந்தத் தோட்டங்களுக்காகவும், பின்னால் வீடுகளுக்காகவும், சிங்கப்பூரின் பழைய காட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் மறைந்துவிட்டது. புக்கிட் தீமா குன்றைச் சுற்றியும் நடுவிலுள்ள நீர்த்தேக்கங்களைச் சுற்றியும் மிச்சம் இருக்கிறது. அந்தக் குன்றின் உயரம் 163 மீட்டர்தான். ஆனால் அதில் உள்ள மர வகைகளும் பூச்சி வகைகளும் உலகம் போற்றுபவை.

காடு போன பிறகும் அட்லஸ் பூச்சி சிங்கப்பூரில் எப்படி நிலைத்தது? அது உணவில் பிடிவாதம் இல்லாத பூச்சி. கறுவா, கொய்யா, முள்சீத்தா, ரம்புத்தான், எலுமிச்சை இனம் என்று பல மரங்களின் இலையை அதன் புழு ஏற்றுக்கொள்ளும். சிங்கப்பூரில் சாலை ஓரத்திலும் பூங்காவிலும் காட்டுக் கறுவா மரத்தை நிழலுக்காக நட்டிருக்கிறார்கள். அடுக்குமாடிக்குக் கீழே ஒரு கொய்யாவோ எலுமிச்சையோ வைத்திருக்கிறார்கள். அந்த மரங்கள் பூச்சிக்குப் போதும். ஒரு வீட்டு வாசலில் நட்ட மரம்கூட ஒரு வனத்தின் வேலையில் கொஞ்சம் செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

வேறொரு பெரிய பூச்சியையும் சிங்கப்பூர்க்காரர்கள் அறிவார்கள். பழுப்பு உடலில் வெள்ளைப் பட்டையும், பின்சிறகில் வாலும் கொண்டது. லைசா சம்பா என்பது அதன் அறிவியல் பெயர். 2014இல் அது நகரம் முழுவதும் கூட்டமாகத் தோன்றியது. அதற்குச் சன்னல் இல்லை. அட்லஸோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதன் புழு எண்டோஸ்பெர்மம் என்னும் மரத்தின் இலையை நம்பி வாழ்கிறது. அந்த மரம் ரப்பர் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த மரம் போனால் அந்தப் பூச்சிக்கு வேறு வீடு இல்லை. பல மரத்தை உண்ணும் அட்லஸுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

சன்னல் வைத்த பூச்சிகள் இன்னும் உண்டு. இந்தியாவில் டசர் பட்டுத் தரும் பூச்சியின் சிறகில் வட்டச் சன்னல்கள் இருக்கின்றன. இந்தியா முதல் இந்தோனேசியா வரை வாழும் ஒரு பூச்சிக்கு, மூன்று சன்னல் உடையது என்று பொருள்படும் இலத்தீன் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதன் கூடு பொன்னிறம். காப்பிச் செடியிலும் நந்தியாவட்டையைப்போல் வெள்ளைப் பூ பூக்கும் கார்டீனியாவிலும் வளரும் ஒரு சிறு பருந்துப்பூச்சியோ ஒரு படி மேலே போகிறது. கூட்டிலிருந்து வரும்போது அதன் சிறகில் செதில் இருக்கும். முதல் முறை பறந்ததும் செதில் எல்லாம் உதிர்ந்து, சிறகு முழுவதுமே கண்ணாடி ஆகிவிடும். பார்ப்பவர்கள் அதை வண்டு என்றே நினைப்பார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அட்லஸ் பூச்சிக்கு உடன்பிறப்புப்போன்ற ஓர் இனம் வாழ்கிறது. இலங்கையின் பழைய கிரேக்கப் பெயரான தப்ரபேன் என்பதிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. எனவே மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உறவினர் உள்ளவர்கள் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களும் சன்னல் வைத்த பூச்சியைப் பார்த்திருக்கக்கூடும்.

அட்லஸ் பூச்சியும் பட்டு நூற்பதாகச் சொன்னோம். அதன் நூல் பழுப்பு நிறம், வலுவானது. காஞ்சிபுரப் பட்டுக்குரிய புழுவின் நூலைப்போல ஒரே இழையாக எடுக்க வராது. பஞ்சுபோல நூற்க வேண்டும். இந்தியாவில் அதற்கு ஃபகாரா பட்டு என்று பெயர். தைவானில் பூச்சி பறந்துபோன பின் கிடைக்கும் கூட்டையே சில்லறைக் காசு வைக்கும் பையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பூச்சியைக் கொல்லாமலே கூடு கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நமது சீன அண்டை வீட்டார் பலர் வீட்டுக்குள் வரும் பெரிய அந்துப்பூச்சியை, இறந்துபோன முன்னோர் பார்க்க வந்திருப்பதாகக் கருதுவார்கள். அதனால் அடிக்காமல் விட்டுவிடுவார்கள். அறிவியல் அந்த நம்பிக்கையை ஏற்பதில்லை. ஆனாலும் அதனால் ஓர் உயிர் பிழைக்கிறது. தூள் பட்டால் கண் போகும் என்ற நம்பிக்கையையும் அறிவியல் ஏற்பதில்லை. அதனால் ஓர் உயிர் போகிறது. நாம் நம்பிக்கைக்காகவும் அடிக்க வேண்டாம், நம்பிக்கைக்காகவும் விட வேண்டாம். தெரிந்துகொண்டு விடுவோம்.

அப்படியானால், இந்தப் பூச்சி வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது? வாசல் விளக்கு அவசியம் இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். பூச்சி தன் வழியில் போய்விடும். போகாமல் சுவரிலேயே இருந்தால் இருக்கட்டும். மறுநாள் இரவு போகும். ஆட்கள் மிதிக்கும் இடத்தில் கிடந்தால், ஒரு கெட்டி அட்டையையோ இலைக் கொப்பையோ அதன் முன்கால்களுக்கு முன்னால் மெதுவாக நீட்டுங்கள். அது ஏறிக்கொள்ளும். பக்கத்து மரத்தில், நிழலான பக்கத்தில் விட்டுவிடுங்கள். சிறகைப் பிடித்துத் தூக்க வேண்டாம். ஓடுகள் உதிர்ந்துவிடும், உதிர்ந்த ஓடு மீண்டும் முளைக்காது.

வீட்டுக் கொய்யாவில் வெள்ளைத்தூள் பூசிய பெரிய புழுவைக் கண்டால், மருந்தை எடுப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள். ஒன்றோ இரண்டோ புழு தின்னும் இலையால் வளர்ந்த மரம் சாகாது, மறுபடி துளிர்க்கும். அந்த மரத்தில் தொங்கும் சுருண்ட காய்ந்த இலைக்குள் கூடு இருக்கலாம். அதைப் பறித்து எரிக்காமல் விட்டால், நான்கு வாரத்தில் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே சிறகு விரிவதைப் பார்க்கலாம். எந்தப் பாடப்புத்தகத்துப் படமும் அந்தக் காட்சிக்கு ஈடாகாது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறோம். சுவரில் இப்பூச்சியைக் கண்டால் தொடாமல் அருகில் போய் நில்லுங்கள். சன்னல் எத்தனை என்று எண்ணுங்கள். அதன் வழியே பின்னால் சுவரின் நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். உணர்கொம்பு அகலமாக விரிந்திருந்தால் அது ஆண். ஒடுங்கியிருந்து உடல் பருத்திருந்தால் பெண். எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்த மரத்துக்குப் பக்கத்தில் கண்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாலஸ் செய்ததும் இதைத்தான். பார்த்ததை எழுதி வைத்தார். சிங்கப்பூருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 2015இல் திறந்த லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கும் போய் வாருங்கள். ஒரு நாட்டின் உயிர்களை எப்படிப் பெயர் எழுதிப் பாதுகாக்கிறார்கள் என்பதை அங்கே காணலாம்.

பெற்றோர்களே, பிள்ளை பூச்சியைக் கண்டு கேள்வி கேட்டால், "கண் போய்விடும், கிட்டே போகாதே" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பயத்தை விதைத்தால் பயம்தான் விளையும். கேள்வியை விதைத்தால் அறிவு விளையும். அந்தப் பிள்ளை நாளை எந்த வேலைக்குப் போனாலும், உற்றுப் பார்த்து உண்மை அறியும் பழக்கம் அதற்குத் துணை நிற்கும்.

அட்லஸ் பூச்சிக்கு நம் வீட்டில் வேலை ஒன்றும் இல்லை. நம் விளக்கை வானம் என்று எண்ணி வழி தவறி வந்த விருந்தாளி அது. சோறு கேட்காது, தண்ணீர் கேட்காது. சில இரவு இருட்டு மட்டுமே அதற்கு வேண்டும். அதை நாம் தாராளமாகத் தரலாம்.